ஹாலோஜன் வீட்டு அக்கா

அந்த அக்கா யாரிடமாவது "முடியாது" என்று சொல்லி நான் கேட்டதில்லை. யாராவது சொன்னதை அப்படியே செய்து நான் பார்த்ததும் இல்லை. இப்படி ஒரு மனுஷி தெருவிலேயே நல்ல மருமகள், நல்ல மனைவி, நல்ல அண்டை வீட்டுக்காரி என்று பெயரெடுத்து எப்படி வாழ முடிந்தது என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

தென்காசியில் நாங்கள் வாடகைக்குப் போன வீட்டுக்கு அடுத்த வீடு அவளுடையது. என் கணவருக்கு அங்கே மாற்றலாகியிருந்தது. எனக்கு ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. சாமான் இறக்கிய அன்று அக்கா ஒரு தூக்குச்சட்டி நிறைய டீ கொண்டுவந்தாள். பாயசம் மாதிரி இனித்தது. மறுநாளும் கொண்டுவந்தபோது, "அக்கா, எங்க வீட்டுக்காரருக்குச் சீனி கொஞ்சம் கம்மியா இருக்கணும்" என்றேன்.

"ஆமா டீச்சர், நீங்க சொல்லுதது சரிதான். சீனி உடம்புக்கு ஆகாது" என்றாள்.

அதற்கப்புறம் எட்டு வருஷம் அவள் கையால் டீ குடித்தோம். சீனி ஒரு சிட்டிகைகூடக் குறையவில்லை. என் கணவர்தான் அந்த இனிப்புக்குப் பழகி, நான் போடும் டீயைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளிக்க ஆரம்பித்தார்.

அவளுடைய "சரி" ஒரு தனி ரகம். சிலர் சரி என்று சொல்லும்போதே குரலில் ஒரு முறுக்கு இருக்கும். இவர் செய்யமாட்டார் என்று தெரிந்துவிடும். அக்காவிடம் அது கிடையாது. தலையை லேசாகச் சாய்த்து, நம் கண்ணைப் பார்த்து, நாம் சொன்னதையே தன் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லுவாள். கேட்டவருக்கு வயிறு நிறைந்துவிடும். வயிறு நிறைந்தவர்கள் அடுப்பில் என்ன வேகிறது என்று எட்டிப் பார்ப்பதில்லை.

நாங்கள் போன புதிதில் அவளுடைய மாமியார் உயிரோடு இருந்தார். கறாரான மனுஷி. குற்றாலச் சீசன் தொடங்கி, மலையிலிருந்து சாரல் இறங்கி, தெருவே ஈரமாக இருந்த ஒரு நாள் நான் அக்காவை ஐந்தருவிக்குக் கூப்பிட்டேன். மாமியார் வாசலுக்கே வந்துவிட்டார்.

"போறது போ. ஆனா அந்தக் கூட்டத்துக்குள்ள போயி பொம்பளப் புள்ள நனைஞ்சுக்கிட்டு நிக்கப்படாது, சொல்லிட்டேன்."

"சரி மாமி. நான் எதுக்கு நனையுதேன்? டீச்சருக்குத் தொணைக்குத்தான் போறேன்."

ஐந்தருவியில் நான் செருப்பைக் கழற்றி, பையை எங்கே வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அக்கா பெண்கள் பக்கத்து அருவிக்கு நேர் கீழே நின்றிருந்தாள். தண்ணீர் அவள் தோளில் மத்தளம் கொட்டியது. "டீச்சர், வாங்க, வாங்க!" என்று அத்தனை பெண்களையும் தாண்டி அவள் குரல் கேட்டது. கூட்டி வந்து கரையேற்ற நான் பட்ட பாடு!

வீட்டுக்கு வந்தோம். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"குளிச்சியாட்டி?"

"இல்ல மாமி. சாரல்."

"சாரல்ல இம்புட்டா நனையும்?"

"அதான் மாமி, நீங்க சொல்லுதது சரிதான். இந்த வருஷம் சாரல் ரொம்பக் கூடுதல்."

மாமியார் என்னைப் பார்த்தார். நானும் சொட்டச் சொட்ட நின்றிருந்தேன். சாரல் கூடுதல்தான் என்று நானும் தலையாட்டினேன். அந்த அம்மாள் கடைசிவரை, "எம் மருமவ எஞ் சொல்லத் தட்டமாட்டா" என்று தெருவில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்காவின் கணவரை நான் அண்ணன் என்றே கூப்பிடுவேன். துபாயில் ஒரு நகைக்கடையில் சேல்ஸ்மேன். நல்ல மனிதர், ஆனால் எல்லா விஷயத்திலும் ஒரு தீர்மானம் வைத்திருப்பார். வருஷத்துக்கொரு முறை விடுமுறையில் வருவார். மீதி நாளெல்லாம் போனில் குடும்பம் நடத்துவார். அந்த வீட்டையே அவர் போனில்தான் கட்டினார். கொல்லையில் நிற்கும் கொய்யாவை வெட்டு, சமையலறை ஜன்னலைச் சின்னதாக்கு, மொட்டைமாடிக்குப் படியை வெளியே வை என்று ஒவ்வொன்றுக்கும் உத்தரவு வரும். ஒவ்வொன்றுக்கும் அக்கா சரி என்பாள்.

அவர் மிகவும் ஆசைப்பட்டுச் செய்தது கூடத்து விளக்குகள். கூரைக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங் அடித்து, அதில் வரிசை வரிசையாக வட்டத் துளை போட்டு, துளைக்கு ஒன்றாக ஹாலோஜன் ஸ்பாட் லைட் வைத்திருந்தார். எல்லாம் துபாயிலிருந்து பெட்டியில் சட்டைக்குள் சுற்றிக் கொண்டுவந்தவை. அவருடைய கடையில் நகை அலமாரிக்கு மேலே அந்த விளக்குதானாம். "பொன்னைப் பொன்னாக் காட்டுத வெளிச்சம் இது ஒண்ணுதான் டீச்சர்" என்பார். பொய்யில்லை. அந்தக் கூடத்தில் உட்கார்ந்தால் என் கழுத்துச் சங்கிலி இரண்டு மடங்கு கனமாகத் தெரியும். அங்கே இருக்கும் நேரம் மட்டும் நான் வசதியான வீட்டுப் பெண்ணாக உணர்ந்திருக்கிறேன்.

ஆனால் நகை அலமாரியில் நகைகள் உட்காரலாம், மனிதர்கள் உட்கார முடியாது. விளக்குப் போட்ட சற்று நேரத்தில் உச்சந்தலை சுட ஆரம்பிக்கும். மழைக்கால மாலையில் ஈசல் கிளம்பினால், நேரே அந்த விளக்குக்குப் போய், வறுபட்டுத் தட்டில் விழும். "எங்க ஊர்ல ஈசலைத் தனியாப் புடிச்சு, தனியா வறுக்கணும், இங்க கரண்டே எல்லாத்தையும் பாத்துக்குது" என்று என் கணவர் சொன்னார். அண்ணன் ஊரில் இல்லாதபோது அக்கா அந்த விளக்குகளைப் போடுவதே இல்லை. ஒரு மூலையில் டியூப் லைட் எரியும். அவரோடு வீடியோவில் பேசும் நேரம் மட்டும் எல்லாவற்றையும் போட்டு, வியர்க்க வியர்க்க உட்கார்ந்து பேசிவிட்டு, அணைத்துவிடுவாள்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை பேசிக்கொண்டிருக்கும்போதுதான் பிளாஸ்டிக் தீய்ந்த வாடை வந்தது. நானும் அங்கேதான் இருந்தேன். அண்ணாந்து பார்த்தால், ஒரு விளக்கைச் சுற்றிச் சீலிங் கறுத்து வளையம் போட்டிருந்தது. அக்கா மெயினை அணைத்துவிட்டு, எங்கள் தெருவுக்கெல்லாம் வேலை பார்க்கும் எலெக்ட்ரீசியன் முருகேசனைக் கூப்பிட்டாள். அவன் ஏணி போட்டு ஏறி, துளைக்குள் கையை விட்டு, உருகிப்போன வயரை உருவிக் காட்டினான்.

"அக்கா, இது சூடு தாங்காம வெந்துட்டு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா சீலிங்கே பத்திருக்கும். பேசாம எல்லாத்தையும் கழட்டிட்டு எல்.இ.டி. போட்டுருவோம்."

அக்கா அண்ணனுக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் அவர் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"எல்.இ.டி.யா? எல்.இ.டி.ல உசுரு கிடையாதுட்டி. ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். கெட்டுப்போன ஒண்ண மட்டும் மாத்தச் சொல்லு. மத்ததுல கை வைக்கப்படாது. வெளங்குதா?"

"ஆமாங்க, நீங்க சொல்லுதது சரிதான். ஆஸ்பத்திரி மாதிரித்தான் இருக்கும். கை வைக்கல."

மறுநாள் முருகேசன் எல்லாவற்றையும் கழற்றினான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அக்கா அதை ஏனோதானோ என்று செய்யவில்லை. அண்ணன் முதல் விடுமுறையில் வாங்கிவந்த வளையலை ஒரு கைக்குட்டையில் முடிந்துகொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு மின்சாதனக் கடைக்குப் போனாள். கடைக்காரரை ஒவ்வொரு எல்.இ.டி.யாக எரியவிடச் சொல்லி, அதன் கீழே வளையலைப் பிடித்துப் பார்த்தாள். ஒன்றில் வளையல் பித்தளையாகத் தெரிந்தது. இன்னொன்றில் வெள்ளி மாதிரி வெளுத்தது. கடைக்காரர் பொறுமையிழந்து, "ஏம்மா, லைட்டு வாங்க வந்தியளா, நகையை உரசிப் பாக்க வந்தியளா?" என்று கேட்டார். கடைசியில் மஞ்சளும் சிவப்பும் கலந்த மாதிரி ஒரு வெளிச்சத்தில் வளையல் வீட்டில் இருப்பதுபோலவே மின்னியது. அதை வாங்கினாள். கொண்டுவந்து மாட்டியதும் எல்லாம் கண்ணடித்தன. பழைய டிரான்ஸ்பார்மரோடு இது சேராது என்று முருகேசன் அதையும் மாற்றினான். வெளியே தெரியும் வட்ட வளையத்தை மட்டும் மாற்றக் கூடாது என்று அக்கா சொல்லிவிட்டாள். கீழே நின்று பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

"அக்கா, அண்ணாச்சிட்ட சொல்லியாச்சா?" என்று முருகேசன் ஏணியை மடக்கும்போது கேட்டான்.

"நேத்தே பேசியாச்சு" என்றாள் அக்கா.

அந்த வருஷம் அண்ணன் விடுமுறைக்கு வந்தபோது எனக்குத்தான் பயம். அக்காவுக்கு இல்லை. அவர் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டு, கூடத்தின் நடுவில் உட்காரவைத்து, எல்லா விளக்கையும் போட்டார்.

"பாத்தியளா சார்? ஊரெல்லாம் எல்.இ.டி. எல்.இ.டி.ன்னு அலையுது. இந்த வெளிச்சம் அதுல வருமா? சொல்லுங்க."

என் கணவர் அண்ணாந்து பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரியும். "வராது" என்றார்.

"இவ மாத்துவோம்னா. நான் ஒரே வார்த்தைதான் சொன்னேன். என்னட்டி?"

"ஆமா, நீங்க சொன்னது சரிதான்" என்றபடி அக்கா அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் கறி வைத்தாள்.

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். "இந்த வருஷம் சாரல் நல்லா எறங்கிருக்கு. வீடே குளுகுளுன்னு இருக்குல்லா?" என்றார். எனக்குப் புரையேறிவிட்டது.

ஒவ்வொரு முறையும் அவர் ஒரு பெட்டி ஹாலோஜன் பல்பு கொண்டுவருவார். அக்கா வாங்கி அலமாரியில் வைப்பாள். அவர் விமானம் ஏறிய வாரத்திலேயே அது மேலகரத்தில் நாட்டுக்கோழி வளர்க்கும் ஒருவருக்குப் போய்விடும். கழற்றிய டிரான்ஸ்பார்மர்களையும் அவருக்குத்தான் கொடுத்திருந்தாள். பொன்னைப் பொன்னாகக் காட்டும் வெளிச்சத்தில் மேலகரத்துக் கோழிக்குஞ்சுகள் குளிர் காய்ந்தன.

எனக்குத்தான் இதெல்லாம் உறுத்தியது. சின்ன விஷயம்தான், ஆனால் புருஷனை இப்படி வைத்து நடத்தலாமா? ஒருநாள் அக்காவை உட்காரவைத்துப் பேசினேன். கணவன் மனைவிக்குள் ஒளிவுமறைவு கூடாது, பக்குவமாக எடுத்துச் சொன்னால் அவர் கேட்டுக்கொள்வார், அடுத்த போனிலேயே சொல்லிவிடுங்கள் என்றேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா டீச்சர். நீங்க சொல்லுதது சரிதான். புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஒளிவுமறைவு இருக்கப்படாது. சொல்லிருதேன்."

ஒரு குடும்பத்தைச் சீர்படுத்திவிட்ட பெருமிதத்தோடு வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளை இறக்காமலே, "அவங்க மாமியார் இருந்த இடத்துல இப்ப நீ" என்றார். அப்போதுதான் எனக்குச் சுரீரென்றது. அவள் மகளின் காய்ச்சலுக்கு நான் சொன்ன கஷாயம், நான் எழுதிக்கொடுத்த யோகாசனம், எல்லாவற்றுக்கும் அவள் சொன்ன சரிகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அவள் என்னை உண்மையில் என்ன நினைக்கிறாள் என்றே எனக்குத் தெரியாது என்று தோன்றியது. அதற்கப்புறம் கொஞ்ச நாள் அவளோடு பேசவே தயக்கமாக இருந்தது. டீ மட்டும் தவறாமல் வந்தது.

சில வருஷம் கழித்து அண்ணன் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டார். அந்தச் சீசனில் துபாய்க் கடையில் அவரோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் குற்றாலத்தில் குளிக்க வந்திருந்தார். அண்ணன் அவரை இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்து, எங்களையும் கூப்பிட்டிருந்தார். வழக்கம்போல விளக்குப் பேச்சு வந்தது.

"நம்ம கடையிலேயே எல்லாத்தையும் எல்.இ.டி.க்கு மாத்திட்டாங்களே?" என்றார் நண்பர்.

"மாத்தினாங்க. அன்னையிலேருந்து கடைக்குள்ள நொழைஞ்சாலே எனக்குத் தலைவலி. இங்க வந்துதான் சரியாச்சு. கண்ணுக்குத் தெரியுதுல்லா? அது செத்த வெளிச்சம், இது உசுருள்ள வெளிச்சம்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, அவர் தலைக்கு மேலே இருந்த விளக்கு விட்டு விட்டு எரிந்து, அணைந்தது.

"பல்பு போயிட்டு. இந்தா, ஒரு நிமிசம்." அவர் எழுந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டார். அக்கா கையில் குழம்புச் சட்டியோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். "முருகேசன வரச்சொல்லுவோமே" என்றாள்.

"இதுக்கு எதுக்கு ஆளு? துண்ட எடு. இப்ப அணைஞ்சது, நெருப்பா இருக்கும்."

துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ஏறினார். வளையத்தை நெம்பி, விளக்கை வெளியே இழுத்தார். துண்டுக்குள் பிடித்தபடி சற்று நின்றார். பிறகு துண்டை விலக்கி, வெறும் விரலால் தொட்டார். இன்னொரு முறை தொட்டார். விளக்கைத் திருப்பி அதன் முகத்தைப் பார்த்தார். அவர் மெதுவாகத் தலையைத் திருப்பி, வரிசையாக எரிந்துகொண்டிருந்த மற்ற விளக்குகளைப் பார்த்தார். அப்புறம் கீழே, அக்காவை.

"என்ன, சுடுதா?" என்று நண்பர் கேட்டார்.

அண்ணன் சட்டென்று விரலை வாயருகே கொண்டுபோய் ஊதினார். "ஆமா. சுடுது" என்றார். "பல்பு நல்லாத்தான் இருக்கு. வயரு லூசு."

வயரை அழுத்திவிட்டு விளக்கை உள்ளே தள்ளினார். எரிந்தது. இறங்கி வந்து உட்கார்ந்தார். நண்பர் போகும்வரை அவர் வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த வீட்டில் அன்று பெரிய சத்தம் கேட்கும் என்று எதிர்பார்த்தோம். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து அண்ணன் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார், வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர் மாதிரி. சமையலறை ஜன்னலைத் தன் முழங்கையால் அளந்தார். கொல்லையில் கொய்யா மரத்தடியில் வெகுநேரம் நின்றார். ஒவ்வொரு விடுமுறையிலும் அந்தப் பழத்தை அவரே பறித்துத் தின்றிருக்கிறார். தான் வெட்டச் சொன்ன மரம் அதுதான் என்பது இப்போதுதான் ஞாபகம் வந்திருக்கிறது. அக்காவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் எதையும் மறைக்கவில்லை. மகளை உள்ளூரிலேயே படிக்கவை என்று அவர் சொல்லியிருந்தார். அவள் திருநெல்வேலியில் விடுதியில் தங்கிப் படித்து, வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்து போனில் பேசிவிட்டுப் போயிருக்கிறாள். அதையும் சொன்னாள். "இத ஏன் சொல்லல?" என்றதற்கு, "நீங்க கேக்கலியே" என்றாளாம்.

ஒருநாள் எங்கள் வாசலில் வந்து நின்று என் கணவரிடம் கேட்டார். "சார், இத்தன வருசமா நான் போன்ல பேசினேனே. யாருட்ட பேசினேன்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அக்காவிடம் போனேன். அவள் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "ஒரு தடவையாவது வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே அக்கா?" என்றேன். முதல் முறையாக அவள் நான் சொன்னது சரி என்று சொல்லவில்லை.

"துபாய்ல ஒரு ரூமுல பத்துப் பேரு படுத்துக் கெடக்குத எடம் டீச்சர் அது. நான் வேண்டாம்னு சொன்னா அவரு போன்ல சண்ட போடுவாரு. போன வச்ச பொறவு யாருட்டயும் சொல்லவும் முடியாது, அழவும் முடியாது. சரின்னு சொன்னா தூங்குவாரு. அவரு தூங்கட்டும்னுதான் சொன்னேன். அவரு சொன்னபடி செஞ்சிருந்தா இங்க நாங்க தூங்க முடியாதுல்லா?"

ஒரு பாவாடையை உதறி, கொடியில் விரித்தாள். "இப்ப அவரு தூங்கல" என்றாள்.

கொஞ்ச நாளில் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். முகம் தெளிந்திருந்தது. அந்த நண்பர் ஷார்ஜாவில் புதுக்கடையில் சேர்ந்திருக்கிறாராம். அனுபவமுள்ள ஆள் வேண்டும் என்று அழைக்கிறாராம். "இங்கன சும்மா இருந்து என்ன செய்ய? எல்லாம் நான் இல்லாமலே நல்லா நடக்குது. அடுத்த மாசம் கெளம்புதேன் சார்" என்றார்.

அக்கா டீச்சட்டியோடு பின்னாலேயே வந்திருந்தாள். அவர் அவள் பக்கம் திரும்பாமலே, "இவட்டயும் சொல்லிட்டேன்" என்றார்.

"போவாண்டாம்" என்றாள் அக்கா.

அவர் திரும்பினார். தனக்குப் பின்னால் வேறு யாரோ வந்து நிற்கிறார்களோ என்பதுபோலப் பார்த்தார். "என்ன சொன்ன?"

"போவாண்டாம்னேன். போதும்."

தூக்குச்சட்டியின் மூடி கிணுகிணுவென்று அதிர்ந்தது. என் கணவர் எழுந்து அதை வாங்கிக் கீழே வைத்தார். இத்தனை வருஷத்தில் அந்தப் பெண்ணின் மறுப்புக்குப் பதில் சொல்லும் பழக்கமே அண்ணனுக்கு வாய்த்ததில்லை. கோபப்படப் பார்த்தார், வரவில்லை. கடைசியில் என்னைப் பார்த்து, முறையிடுவதுபோல, "அவன்ட்ட வாரேன்னு சொல்லிட்டேனே டீச்சர்" என்றார்.

"அதுக்கென்ன?" என்றாள் அக்கா. "சரின்னுதான சொல்லிருக்கிய?"

என் கணவர்தான் முதலில் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். துடைத்து முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. அக்கா தம்ளரில் டீயை ஊற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றாள்.